ம் கொட்டும் கழுத்து

"ஆட்டுனாம்மா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. என் கண்ணு முன்னாடி ஆட்டுனான்."

"எப்ப மாமி? நான் அங்கன இல்லையே."

"நீ மாடியில துணி எடுக்கப் போயிருந்த. போன வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுட்டு வந்து உக்காந்தேன்ல, அப்பத்தான். ரபியுல் அவ்வல் மாசத்துல தங்கச்சி நிக்காஹ்வ வச்சுக்கிருவோமாடா, நீ வந்து முன்னால நின்னு குடுத்திருவியாடான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். பெறகு நிதானமா ஆட்டுனான், அவுக அத்தா ஆட்டுவாகளே, அதே மாதிரி."

"வாயத் தொறந்து எதுவும் சொன்னாகளா?"

"ஆம்பளப் பிள்ள தலைய ஆட்டுனா போதாதா? அதான் இன்னைக்கு ராஜபாளையத்துக்காரகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். சனிக்கிழமை காலையில கார்டு அச்சுக்குப் போகுது."

முஹ்சினா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையைப் பார்த்தாள். காம்பைக் கிண்ணத்திலும் இலையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளறையில் மாமியாரின் மகள் தஹ்மீனா, கல்யாணப் பெண், யாருக்கோ போனில் சேலை நிறம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் உம்மு சல்மா கண்டது பொய்யில்லை. தலை ஆடியது. ஆனால் ஆட்டியது அவருடைய மகன், தன் கணவன் சைஃபுல்லாதானா என்பதில்தான் முஹ்சினாவுக்குச் சந்தேகம். சைஃபுல்லா இருப்பது சவூதியில், தம்மாமில், ஒரு கம்பெனியின் ஏ.சி. பராமரிப்பில். விருதுநகர் வீட்டின் கூடத்தில், தையல் மெஷினின் மேல் இருப்பது அவனுடைய கழுத்து மட்டும்.

கழுத்து என்பதுதான் வீட்டில் அதற்குப் பெயர். செய்தவள் முஹ்சினா. அவள் சிவகாசி சாலையில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறாள். வானத்தில் போய் வெடிக்கும் பேன்சி வெடிகளுக்காகச் சுற்றும் தடித்த காகிதக் குழாயில் ஒன்று, வெடிமருந்து படாத புதுக்குழாய், அதுதான் உடம்பு. உள்ளே இரண்டு சின்ன மோட்டார்கள், அடியில் ஒரு பேட்டரி. உச்சியில் போனைச் செருக ஒரு பிடி. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அவன் இதில்தான் பேசுவான். தம்மாமில் சைஃபுல்லா இடப்பக்கம் தலையைத் திருப்பினால் இங்கே கழுத்தும் இடப்பக்கம் திரும்பும். தஹ்மீனா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் அவன் அந்தப் பக்கம் பார்த்தே பதில் சொல்லலாம். முதல் வாரம் உம்மு சல்மா அதன் எதிரே ஒரு டம்ளர் தேநீர் வைத்தார். இரண்டாவது வாரம், ஜும்ஆ நாளாயிற்றே என்று மகனுடைய பழைய தொப்பியை எடுத்து மாட்டிவிட்டார். "அம்மா, இருட்டா இருக்கு, கரண்ட் போயிருச்சா?" என்று சைஃபுல்லா கேட்ட பிறகுதான் தொப்பி கேமராவை மூடியிருப்பது தெரிந்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. தம்மாமுக்கும் விருதுநகருக்கும் நடுவே ஒன்றரை நொடி கிடக்கிறது. கடல், பாலைவனம், இன்னும் என்னென்னவோ எல்லாவற்றையும் தாண்டி வர அவ்வளவாவது வேண்டியிருக்கிறது. உம்மு சல்மா ஒரு சேதியை ஆரம்பித்தால், வரிக்கு ஒரு 'ம்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவருக்கு வாய் நின்றுவிடும். "கேக்குதாடா?" என்பார். அதே நேரத்தில் அவனுடைய பழைய 'ம்' வந்து சேரும். இருவரும் ஒன்றாகப் பேசுவார்கள், ஒன்றாக நிறுத்துவார்கள், நீ சொல்லு, நீங்க சொல்லுங்க என்பார்கள். நாலு நிமிஷத்தில் பேச்சு வற்றிவிடும்.

அதற்கு முஹ்சினா ஒரு வழி கண்டாள். எதிரில் இருப்பவரின் குரல் இறங்கி ஓர் இடைவெளி விழுந்தால், தம்மாமுக்காகக் காத்திராமல் கழுத்தே லேசாக ஒரு முறை தலையசைக்கும். இடைவெளி நீண்டால் இன்னொரு முறை. ம் கொட்டுவது போலத்தான். அது யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? நாலு நிமிஷப் பேச்சு நாற்பது நிமிஷமாயிற்று. உம்மு சல்மா பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதையும் முதலிலிருந்து சொன்னார். சைஃபுல்லாவுக்கே தெரியாது, தன் தலை இங்கே தன்னைவிடப் பொறுமையாகக் கேட்கிறது என்று. முஹ்சினா அவனிடமும் சொல்லவில்லை. நன்றாக நடப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

கீரையை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கழுத்தின் ஒவ்வோர் அசைவும் நேரத்தோடு அதில் பதிவாகும். அவன் அசைத்தால் 'அவர்' என்று வரும். கழுத்தே அசைத்தால் 'தானாக'. போன வெள்ளிக்கிழமைக்குப் போனாள்.

ஐந்து ஒன்பதுக்கு மேல் 'அவர்' என்ற சொல்லே இல்லை. ஐந்து பன்னிரண்டுக்குத் தானாக. அதே ஐந்து பன்னிரண்டுக்கு மறுபடியும் தானாக.

நடந்தது முழுவதும் அவளுக்குப் படம் போலத் தெரிந்தது. லைன் அறுந்திருக்கிறது. திரையில் அவனுடைய முகம் கடைசியாக இருந்தபடியே உறைந்து நின்றிருக்கிறது. அந்த உறைந்த முகத்திடம் ஒரு தாய் தன் மகளின் வாழ்க்கையைக் கேட்டிருக்கிறாள். காகிதக் குழாய் ஆமாம் என்றிருக்கிறது.

அன்று ஐந்தரைக்கு அவன் அவளுடைய போனுக்குக் கூப்பிட்டதும் நினைவு வந்தது. "லைன் போயிருச்சு. அம்மா என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தாக," என்றான். "மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாக," என்று இவள் சொன்னாள். அதோடு பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

திரும்ப அடுப்படிக்கு வந்தாள். உம்மு சல்மா குப்பையிலிருந்து இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, நாளைக்குப் பேசும்போது அவுககிட்ட இன்னொருக்க கேட்டுருவோமா?"

"எதை?"

"தேதிய. லீவு கிடைக்குமோ என்னமோ."

"தலையாட்டுன பிள்ளகிட்ட மறுபடி கேட்டா, ஒன் வாக்குல எனக்கு நம்பிக்கை இல்லடான்னு சொல்ற மாதிரி. அவுக அத்தாகிட்ட முப்பது வருஷத்துல நான் எதையும் ரெண்டு தடவ கேட்டதில்ல." உம்மு சல்மா நிமிர்ந்தார். "நீ எதுக்குக் கெடந்து பறக்குற? புருசன் வாறான்னா சந்தோசப்படணும்."

சந்தோஷத்துக்கு என்ன குறை? கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவனோடு இருந்தது இரண்டு லீவு. அந்த இரண்டு லீவின் நாட்களையும் அவள் மனப்பாடமாகச் சொல்வாள். ஒரு வாரமாக மாமியார் மனதில் அவன் விமானம் ஏறிவிட்டான். அவள் மட்டும் அந்த விமானத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள், இருக்கையில் ஒரு காகிதக் குழாய் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் லேபில் அவளுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். சாலிடரிங் இரும்பை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். ஆடிக் காற்று சுண்ணாம்புத் தூசியைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டியது. கூட வேலை பார்க்கும் ரோஜா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏ, நீ நட நடன்னு நடந்து தரையே தேஞ்சுபோச்சுடீ. என்னன்னு சொல்லு."

ரோஜா வெம்பக்கோட்டைக்காரி. டிப்ளமோவில் ஒரே பெஞ்சு. காகிதக் குழாய் அவள் கொடுத்ததுதான். அவளுடைய அம்மா சின்னத்தாய் குழாய் சுற்றுகிறவர். முஹ்சினா எல்லாவற்றையும் சொன்னாள். ரோஜா முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்தினாள்.

"கொழா சுத்துனது எங்கம்மா. நிச்சயதார்த்தத்துல அதுக்கும் ஒரு வெத்தல பாக்கு வைக்கச் சொல்லு."

"வெளையாடாத ரோஜா."

"சரி, வெளையாடல. ஒங்க வீட்டுக்காரரு வந்துதான் ஆகணுமா? வேற யாரும் நிக்கக் கூடாதா?"

"தகப்பன் இல்லைன்னா அண்ணந்தான் பொண்ணுக்குப் பொறுப்பாளி. அவுக சொல்லி அனுப்புனா வேற ஆளு நிக்கலாம், அதுக்கு எடம் இருக்கு. ஆனா மாமி கேக்க மாட்டாக. மாமா மௌத்தாகி அடக்கம் செஞ்சப்பவே அவுக வரல. இதுக்கும் வரலைன்னா ராஜபாளையத்துக்காரக என்ன நினைப்பாக? மாப்பிள்ளை சாபிரு செப்டம்பர் கடைசியில சிங்கப்பூருக்குக் கிளம்புறாரு, தேதிய தள்ளவும் முடியாது."

"அப்ப இன்னைக்கே ஒங்க மாமிகிட்ட சொல்லிரு. ஆட்டுனது மிசினுன்னு."

"சொன்னா, ஆறு மாசமா மகன்கிட்ட பேசுனது எல்லாத்தையும் இனி சந்தேகப்படுவாக. எதெதுக்கு மகன் தலையாட்டுனான், எதெதுக்கு மிசின் ஆட்டுச்சுன்னு."

தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ரோஜா பேச்சை நிறுத்திவிட்டு மேற்கு ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோரையும் போல, பட்டாசு ஆலையில் விபத்தோ என்று அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒரே அளவில், சீரான இடைவெளியில் இன்னும் மூன்று கேட்டன. புகை எழவில்லை.

"டெஸ்டிங்குதான்," என்று மூச்சு விட்டாள். "ஒண்ணு சொல்லுறேன், கோவிச்சுக்கிறாத. பட்டாசு கட்டுற ரூம்புல கை தவறிக் கொஞ்சம் மருந்து சிந்திருச்சுன்னு வையி, சிந்துனவ கத்திச் சொல்லிரணும். போர்மேன் ஏசுவாகன்னு காலால தள்ளிவிட்டா முடிஞ்சுச்சு. எங்கம்மாவுக்கு வேற படிப்பெல்லாம் கிடையாது, இது மட்டும் தெரியும்."

"நான் யாருகிட்ட கத்த?"

"மொதல்ல அவருகிட்ட."

சாயங்காலம் ஐந்து மணிக்கு முஹ்சினா கழுத்தின் ம் கொட்டலை அணைத்தாள். இனி தம்மாமிலிருந்து வருவது மட்டுமே அசையும். தையல் மெஷினைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டாள். உம்மு சல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

சைஃபுல்லாவின் முகம் வந்தது. குளித்த தலை, வெள்ளைப் பனியன், பின்னால் கட்டில்களின் இரும்புக் கால்கள். கழுத்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது.

"தஹ்மீனா எங்க, அழகு நிலையம் போயாச்சா?"

"போங்கண்ணே," என்றது உள்ளறை.

உம்மு சல்மா பேச ஆரம்பித்தார். ராஜபாளையத்தார் வந்தது, கொண்டுவந்த பழங்களில் மாதுளை சொத்தையாக இருந்தது. இடைவெளி விட்டார். கழுத்து அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சொன்னார். சாபிரின் பெரியம்மா கண் ஆபரேஷன் செய்த கதை. இடைவெளி. அசையவில்லை. ஒன்றரை நொடி கழித்து அவனுடைய 'ம்' வந்தபோது அவர் அடுத்த வரியில் இருந்தார்.

"ஏன்டா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன்."

"தலையே அசையல. கோவமா?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்கம்மா."

உம்மு சல்மாவின் முகம் சுருங்கிப்போனது. ஆறு மாதமாக எதிரே உட்கார்ந்து கேட்ட மகன் எங்கோ எழுந்து போய்விட்டான், அவன் இடத்தில் ஒரு போன் இருக்கிறது. முஹ்சினாவுக்குக் கை பரபரத்தது. லேப்டாப்பில் ஒரே ஒரு பொத்தான், போட்டுவிட்டால் மாமியாரின் முகம் மலர்ந்துவிடும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"சரி விடு," என்றார் உம்மு சல்மா. "நீ ஒத்துக்கிட்ட மாதிரியே எல்லா ஏற்பாடும் நடக்குது. நாளைக்குக் கார்டு சிவகாசிக்குப் போகுது."

கடல் தாண்டி அந்தச் சொற்கள் போய்ச் சேர்ந்தன. சைஃபுல்லாவின் புருவம் உயர்ந்தது.

"நான் என்னத்த..."

"மாமி, சிக்னல் சரியில்ல, நான் மாடிக்குக் கொண்டுபோய்ப் பாக்குறேன்," என்று முஹ்சினா கழுத்தை அப்படியே தூக்கினாள். கைக்குழந்தையைத் தூக்குவது போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் அது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

"என்ன நடக்குது முஹ்சினா?"

மாடியில் காற்று ஆளைத் தள்ளியது. தண்ணீர்த் தொட்டியின் மறைவில், கைப்பிடிச் சுவரில் கழுத்தை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ம் கொட்டும் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரித்துவிடுவான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"அப்ப அம்மா இத்தன நாளும் பேசுனது..."

"நீங்களும் கேட்டீக, அதுவும் கேட்டுச்சு. அன்னைக்கு மட்டும் அது தனியாக் கேட்டுருச்சு. தப்பு என்னுதுதான்."

கழுத்து சாலைப் பக்கம் திரும்பியது. பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ் ஒன்றைக் கொஞ்ச தூரம் பார்த்தது.

"லீவு கிடைக்காதா மச்சான்?" என்றாள்.

"கேட்டா குடுப்பான்."

"அப்ப?"

கழுத்து சாலையைப் பார்த்தபடியே நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைத் தட்டப் போனாள்.

"அத்தாவ அடக்கம் பண்ண எடுத்துக்கிட்டுப் போனப்ப எனக்கு வீடியோ போட்டாகள்ல. தோள் குடுக்கப் போறேன்னு தனுஷ்கோடி போனைச் சட்டைப் பையில போட்டுட்டான். நாப்பது நிமிசம், முஹ்சினா. நீலச் சட்டைத் துணிதான் தெரிஞ்சுச்சு. காலடிச் சத்தம் கேட்டுச்சு. கட் பண்ணவும் மனசு வரல. துணியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. தனுஷ்கோடி அவனோடு பள்ளியில் படித்தவன். அவனுக்கும் இது தெரிந்திருக்காது.

"நீ இந்தக் கழுத்த வச்ச பெறகு கூடத்துல உக்காந்து வாசக்கதவப் பாக்க முடியுது. அத்தா கடைக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாகன்னு தோணும். நெசமாவே தோணும். நேர்ல வந்துட்டா, ரெண்டு நாள்ல அந்தக் கதவு வெறும் கதவாயிரும்." குரலைச் செருமிக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்லவா? நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத்துகிட்ட கேட்டுப் பாரு. இந்தக் கழுத்தையே பள்ளிவாசல்ல வச்சு, நான் இங்கன இருந்தே..."

"அதை மாப்பிள்ளைக்கு எதுக்கால உக்கார வச்சு, தொப்பி போட்டு விடவா?"

கழுத்து கைப்பிடிச் சுவரைப் பார்த்துக் குனிந்தது.

"நான் இதைச் செஞ்சது நீங்க பக்கத்துல இருக்க மாதிரி இருக்கணும்னுதான். நீங்க வராம இருக்கிறதுக்கு இல்ல. ராத்திரியும் பகலும் மோட்டாரு சத்தத்தைக் குறைக்க, வயர மறைக்கன்னு கெடந்தேன். கடைசியில ஒங்களுக்கு ஒளிய ஒரு எடம் கட்டிக் குடுத்திருக்கேன்." குரல் உயர்ந்துவிட்டது. கீழே கேட்டிருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். "அந்தக் கதவ நான் தெனமும் தொறந்து மூடுறேன். மாமி தெனமும் மூடுறாக. மாமா வரலைன்னு எங்களுக்கும் தெரியும்."

கீழேயிருந்து உம்மு சல்மாவின் குரல் வந்தது. "முஹ்சினா, கார்டுல அவன் பேரை மேல போடவா, கீழ போடவான்னு கேளு. அச்சுக்காரரு போன்ல இருக்காரு."

"இந்தா வாறேன் மாமி."

"முஹ்சினா, இரு," என்றான் சைஃபுல்லா. "அம்மாகிட்ட என்ன சொல்லப் போற?"

அவளுக்குத் தெரியவில்லை. படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. உம்மு சல்மாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான் ஏறுவார். இன்னும் ஏழெட்டுப் படி இருக்கும். முஹ்சினா கழுத்தைத் தன் பக்கம் திருப்பப் போய், வேண்டாமென்று கையை எடுத்துவிட்டாள். காற்றில் காகிதக் குழாய் லேசாக ஆடியது. அதை நம்பக்கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் அடியில் மட்டும் அண்டக் கொடுத்து நிறுத்தினாள்.

"மாமி வந்துக்கிட்டு இருக்காக. நான் எதையும் மறைக்கப் போறதில்ல, நீங்க என்ன சொல்றீகளோ அதைத்தான் சொல்லப் போறேன். மாமி திரும்பக் கேக்க மாட்டாக, அதனால நான் கேக்குறேன். தஹ்மீனா நிக்காஹ்வுக்கு நீங்க வாறீகளா? ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. இந்தத் தடவ நீங்களா தலைய ஆட்டுங்க மச்சான்."